யாத்திரிகர் இஞ்ஞாசியார்

லயோலா என்றதும் நம்மில் பலருக்குச் சென்னை நுங்கம்பாக்கத்துக் கல்லூரியே கண்முன் நிற்கும். 1925-ஆம் ஆண்டு தொடங்கிய அக்கல்லூரியின் பெயரை அறியாத தமிழ் மாணவர் இல்லை. அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் விடை சொல்வோர் சிலரே. லயோலா என்பது ஒரு கோட்டை வீட்டின் பெயர். ஸ்பெயின் நாட்டின் வடபுலத்தில், பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், அஸ்பெய்த்தியா என்னும் சிற்றூருக்கு அருகே அது இன்றும் நிற்கிறது. அவ்வீட்டில் 1491-ஆம் ஆண்டளவில், பதின்மூன்று மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்தவர் இனிகோ. அவரே பின்னர் இஞ்ஞாசியார் எனப் பெயர் பெற்றார்.

இயேசு சபையை நிறுவியவர் என்றே வரலாற்று நூல்கள் அவரைக் குறிக்கும். ஆனால் முதுமையில், தோழர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கித் தம் வாழ்க்கைக் கதையைச் சொன்னபோது, அவர் தம்மைத் தலைவர் என்று சொல்லவில்லை. நான் என்றும் சொல்லவில்லை. யாத்திரிகர் என்ற ஒரே சொல்லால் தம்மைக் குறித்துக் கொண்டார். சபைத் தலைவரைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. ஈண்டு நான் எழுதப் புகுவது அந்த யாத்திரிகரைப் பற்றியே.

இளமையில் இனிகோ துறவுக்கு வெகு தொலைவில் இருந்தார். காஸ்டில் அரசின் கருவூலத் தலைவர் வீட்டில் ஏவலிளைஞனாய் வளர்ந்தார். வாட்போர், நடனம், நல்ல உடை, பெண்களின் பாராட்டு ஆகியவையே அவர் உலகம். பின்னர் நவார் நாட்டின் ஆளுநரான நாஹெரா பிரபுவிடம் பணிபுரிந்தார். 1521-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிரெஞ்சுப் படை பாம்ப்லோனாக் கோட்டையை முற்றுகையிட்டது. சரணடைவதே அறிவு என்று மற்றவர் கருதினர். இனிகோ மறுத்தார். பீரங்கிக் குண்டு ஒன்று வந்து அவர் வலக்காலை உடைத்தது. மற்றொரு காலிலும் காயம். அவர் வீழ்ந்ததும் கோட்டையும் வீழ்ந்தது.

பிரெஞ்சுக்காரர் பெருந்தன்மையுடன் மருத்துவம் செய்து அவரைத் தூக்குப் படுக்கையில் ஊருக்கு அனுப்பினர். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை. மீண்டும் உடைத்துப் பொருத்தினர். மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை மறவாதீர். காயம் ஆறியபின் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று துருத்தி நின்றது. கால் குறுகியும் போயிற்று. காலைப் பிடித்தாற் போன்ற நீள் காலணி அணிவதற்கு அது தடையாம்! அதற்காகவே, வலி இன்னும் கொடிது என்று மருத்துவர் எச்சரித்தும், அவ்வெலும்பை அறுத்தெடுக்கச் செய்தார். அழகுக்காக ஒருவர் இவ்வளவு தாங்கினார் என்பதைப் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, அச்சமும் வருகிறது. இந்தப் பிடிவாதம் அவரைவிட்டுப் பின்னர் எப்போதும் அகலவில்லை. அது சென்ற திசைதான் மாறியது.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரக் காதற் கதைகள் வேண்டும் என்று கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை இரண்டு: சாக்சனி நாட்டு லுடோல்ஃப் என்பார் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கை ஒன்று, புனிதர் வரலாறுகளின் தொகுப்பு மற்றொன்று. வேறு வழியின்றிப் படித்தார். சில வேளை ஓர் உயர்குலப் பெண்ணை நினைத்து, அவளுக்காகச் செய்யப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்காகக் கற்பனை செய்வார். சில வேளை பிரான்சிஸ், தொமினிக் போன்றோரை நினைத்து, அவர்கள் செய்ததைத் தாமும் செய்தால் என்ன என்று கற்பனை செய்வார். இரண்டும் இனித்தன. ஆனால் ஒரு வேறுபாட்டை அவர் கண்டார். முதற் கற்பனை முடிந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது முடிந்த பின்னும் மகிழ்ச்சி தங்கி நின்றது.

பெளதிகமோ இரசாயனமோ பயிலும் நம்மனோர்க்கு இவ்விடம் மிகவும் பிடிக்கும். நிகழும்போது ஒன்றாய்த் தோன்றும் இரண்டு பொருள்களை, நிகழ்ந்த பின் எஞ்சி நிற்பதைக் கொண்டு பிரித்தறிவது நம் ஆய்வுக்கூடத்து வழக்கமே அன்றோ! அவருக்கு யாரும் இதைக் கற்பிக்கவில்லை. உடைந்த காலுடன் படுத்துக் கிடந்து தாமே கண்டார். மனத்தில் எழும் அசைவுகளைத் தேர்ந்து தெளிதல் என்று அவர் பின்னர் வகுத்த கலை முழுவதற்கும் வித்து இதுதான்.

1522-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அண்ணன் தடுத்தும் கேளாமல், எருசலேம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் ஒரு முகம்மதியர் உடன் வந்தார். கன்னி மரியைப் பற்றிப் பேச்சு முற்றிற்று. அவர் முன்னே விரைந்து சென்றுவிட, தம் தேவதாயைக் குறைத்துப் பேசியவரைக் குத்திக் கொல்வதா, விட்டுவிடுவதா என்று இனிகோ தடுமாறினார். முடிவு செய்ய இயலாமல், ஏறிவந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அம்மனிதர் சென்ற ஊர்ப்பக்கம் திரும்பினால் கொலை. பெருவழியே சென்றால் இல்லை. ஊர் வழி அகலமானது, அருகில் இருந்தது. கழுதை பெருவழியே சென்றது! ஒரு புனிதரின் வரலாறு ஒரு விலங்கின் கால்களில் தொங்கிய கணம் இது. இதை அவர் மறைக்காமல் சொல்லி வைத்ததே அவர் பெருமை என்பது என் கருத்து.

மொன்செராத் மலையில் கன்னி மரியின் கரிய திருவுருவம் உள்ளது. அங்கே மூன்று நாள் தம் வாழ்நாட் பாவங்களை எல்லாம் எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். கழுதையை மடத்துக்குக் கொடுத்தார். மார்ச் 24-ஆம் நாள் இரவு, உயர்ந்த உடையை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டுச் சாக்குத் துணி உடுத்தி, வாளையும் குத்துவாளையும் அத்திருவுருவின் முன் வைத்து, விடியும்வரை நின்றும் முழந்தாளிட்டும் விழித்திருந்தார். விடிந்ததும் மலையிறங்கினார். உடை பெற்ற ஏழையைத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி பின்னாலேயே வந்தது. இனிகோ அழுதார். நன்மை செய்யப் போய் ஒருவனைச் சிறைக்கு அனுப்ப இருந்தோமே என்ற கலக்கம் அது.

மன்ரேசா என்னும் ஊரில் சில நாள் தங்க எண்ணினார். பத்துத் திங்களுக்கு மேல் தங்கினார். தலைமுடியை வாராமல், நகத்தை வெட்டாமல், பிச்சையெடுத்து உண்டு, நாளும் ஏழு மணி நேரம் செபித்தார். முதலில் அமைதி இருந்தது. பின்னர் வந்தது பெருந்துன்பம். சொன்ன பாவங்களை முழுதும் சொன்னோமா என்ற ஐயம் பிடித்துக் கொண்டது. மீண்டும் மீண்டும் சொன்னார். ஐயம் நுணுகிக் கொண்டே போயிற்று. தங்கியிருந்த அறையில் இருந்த ஒரு பெரிய துளையின் வழியே குதித்து உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பலமுறை எழுந்தது. கடவுள் இரங்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் உணவும் நீரும் தள்ளினார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு உண்ணும்படி கட்டளையிட்ட பிறகே உண்டார்.

பக்தர்கள் எழுதும் வரலாறுகளில் இப்பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். அது தவறு. அவர் வாழ்வின் நடு இடம் இதுவே. இந்த வழி தம்மை உயிருடன் வைக்காது என்பதைக் கண்டபோது, இவ்வெண்ணங்கள் எவ்வாறு தொடங்கின, எங்கே கொண்டு செல்கின்றன என்று பின்னோக்கிப் பார்த்தார். கடந்த பாவங்களை இனி மீண்டும் சொல்வதில்லை என்று ஒரு நாள் தெளிவாக முடிவு செய்தார். ஐயம் நீங்கியது. அதன் பின்னர்க் கார்தோனர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது அறிவில் ஒரு பேரொளி தோன்றிற்று. காட்சி எதுவும் இல்லை. எல்லாப் பொருளும் புதியனவாய்த் தெரிந்தன. அறுபது வயதுக்கு மேலும் அவர் சொன்னது, வாழ்நாளில் கற்ற அனைத்தையும் கூட்டினாலும் அந்த ஒரு வேளை கற்றதற்கு ஈடாகாது என்பதே. முடியை வாரினார், நகத்தை வெட்டினார். அக்காலத்தில் தமக்குப் பயன்பட்டவற்றைப் பிறருக்கும் பயன்படும் என்று குறித்து வைத்த ஏடுகளே பின்னர் ஞானப் பயிற்சிகள் என்ற சிறு நூலாயின.

1523-இல் பார்சலோனாத் துறையில் கப்பலேறினார். இலவசமாய் ஏற்றிக்கொள்ள இசைந்த கப்பல் தலைவன், உண்பதற்கான உலர்ந்த ரொட்டியை மட்டும் கொண்டுவரச் சொன்னான். அதற்குப் பிச்சையெடுத்ததில் ஐந்தாறு காசு மிஞ்சியது. அவற்றைக் கடற்கரையில் ஒரு பலகைமேல் வைத்துவிட்டு ஏறினார். இத்தாலியில் ரோம் வரை நடந்து, பிறகு வெனிஸ் வரை நடந்தார். கொள்ளைநோய்க் காலமாதலால் ஊர்கள் அவரைச் சேர்க்க அஞ்சின. செப்டம்பர் 4-ஆம் நாள் எருசலேம் சேர்ந்தார்.

வாழ்நாள் முழுதும் அங்கேயே இருக்க விரும்பினார். திருத்தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கு சபையாரின் தலைவர் மறுத்தார். யாத்திரிகர்கள் சிறைப்படுவதும் அவர்களை மீட்கப் பொருள் தேடுவதும் அச்சபைக்குத் தீராத தொல்லை. மீறினால் திருச்சபையிலிருந்து விலக்கத் தமக்கு அதிகாரம் உண்டென்றார். இனிகோ பணிந்தார். ஆனால் புறப்படுமுன், யாருக்கும் சொல்லாமல் ஒலிவ மலைக்கு ஓடினார். விண்ணேறியபோது கிறிஸ்துவின் பாதம் பதிந்ததென்று காட்டப்படும் கல் அங்கே உண்டு. காவலருக்குப் பேனாக் கத்தியைக் கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தார். பெத்பகே என்னும் இடம்வரை நடந்த பிறகு, வலப்பாதம் எப்பக்கம் நோக்கியது, இடப்பாதம் எப்பக்கம் நோக்கியது என்பதைக் கவனிக்கவில்லையே என்று நினைவு வந்தது. திரும்பி ஓடினார். இம்முறை கத்தரிக்கோலைக் கொடுத்து மறுபடியும் பார்த்தார்! தேடிவந்த மடத்து ஏவலாள் ஒருவன் தடியை ஓங்கி, கையைப் பற்றி இழுத்துச் சென்றான்.

அளவு எடுக்க மறந்து மீண்டும் ஆய்வுக்கூடம் ஓடும் மாணவனைப் போன்றதே இச்செயல். பயிற்சி நூலைப் படித்த பிறகே இதன் பொருள் எனக்கு விளங்கியது. தியானம் செய்பவர் முதலில் அவ்விடத்தை மனக்கண்ணால் அமைத்துக் கொள்ள வேண்டும் என்பது அவர் முறை. நாசரேத்திலிருந்து பெத்லகேம் செல்லும் பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமவெளியா, மேடுபள்ளமா என்று காணச் சொல்வார். கண்ணால் கண்ட பூமியே அவர் தியானத்துக்கு அடித்தளம்.

எருசலேம் கதவு அடைத்தபின், ஆன்மாக்களுக்கு உதவக் கல்வி வேண்டும் என்று முடிவு செய்தார். முப்பத்து மூன்று வயதில் பார்சலோனாவில் சிறுவர்களுடன் அமர்ந்து இலத்தீன் வினைச்சொற்களை உருப்போட்டார். பாடம் படிக்கும்போதெல்லாம் இனிய ஞானச் சிந்தனைகள் பொங்கி வந்தன. செபத்தின்போது வராத இவை பாடத்தின்போது ஏன் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார். இது சோதனை என்று தெளிந்தார். ஆசிரியரிடம் சென்று, இனித் தவறாமல் பாடம் கேட்பதாக வாக்களித்தார். தேர்வுக் காலத்தில் நமக்கும் உயர்ந்த சிந்தனைகள் வருவதுண்டு. அவற்றை எந்தக் கணக்கில் வைப்பது என்பதை நண்பர்கள் முடிவு செய்து கொள்க.

அல்கலாவிலும் சலமான்காவிலும் பயின்றபோது, படிப்பு முடியாதவர் பிறருக்குத் தியானம் கற்பிப்பது எப்படி என்று ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். முதல் ஊரில் 42 நாள், இரண்டாம் ஊரில் 22 நாள். குற்றம் எதுவும் காணவில்லை. ஆயினும் பேசக் கூடாதென்று வரம்பிட்டனர். எனவே புத்தகங்களை ஒரு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு பாரிசுக்கு நடந்தார். 1528-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அங்குச் சேர்ந்தார்.

பாரிசில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. செலவுக்கு வைத்திருந்த பணத்தை உடன் தங்கிய ஸ்பானியர் ஒருவரிடம் கொடுத்து வைத்தார். அவர் அதைச் செலவு செய்துவிட்டார். இனிகோ தங்குமிடம் இழந்து ஏழையர் விடுதிக்குப் போக வேண்டியதாயிற்று; படிப்பும் கெட்டது. பின்னர் அம்மனிதர் ஊர் திரும்பும் வழியில் ரூவான் நகரில் நோயுற்றுக் கிடப்பதாய்க் கடிதம் வந்தது. இனிகோ வெறுங்காலுடன், உண்ணாமலும் பருகாமலும், மூன்று நாளில் ரூவானுக்கு நடந்தார். அவரைத் தேற்றி, ஸ்பெயின் செல்லக் கப்பலும் பிடித்துக் கொடுத்தார். புறப்படும்போது அச்சம் அவரை வாட்டியதென்றும், வழியில் ஒரு மேட்டில் ஏறியபோது அது நீங்கி, வயல்வெளியில் வாய்விட்டுப் பேசிக்கொண்டே நடந்தாரென்றும் தெரிகிறது. நொண்டும் கால் என்பதை நினைவிற் கொள்க.

சாந்த் பார்ப் கல்லூரியில் அவருடன் ஓர் அறையில் இருந்தோர் இருவர். ஒருவர் சவாய் நாட்டு ஆட்டிடையர் மகன் பியேர் ஃபாவர். மற்றவர் நவார் நாட்டுப் பிரபு குலத்துப் பிரான்சிஸ் சவேரியார். இருவருக்கும் இனிகோவைவிடப் பதினைந்து வயது குறைவு. சவேரியாரின் அண்ணன்மார் நவார் போரில் பிரெஞ்சுப் பக்கம் நின்றவர்கள். அதாவது இனிகோவின் காலை உடைத்த பக்கம்! ஃபாவர் அவருக்கு அரிஸ்டாட்டில் கற்பித்தார். அவர் ஃபாவருக்கு மனத்தை ஆளக் கற்பித்தார். 1534-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் ஃபாவர் தனித்திருந்து முப்பது நாள் பயிற்சி செய்தார். ஆறு நாள் உண்ணாமல், தீ மூட்டாமல், பனியில் நின்று செபித்தார். இஞ்ஞாசியார் கண்டார். ஏழாம் நாள் உணவு உண்ணவும் தீ மூட்டவும் செய்தார். மன்ரேசாவில் தம்மைக் கொல்ல இருந்த அதே நெருப்பைத் தோழரிடம் கண்டதும் அணைத்த இச்செயலில்தான் அவர் ஆசிரியரானார் என்பேன்.

அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மொன்மார்த்தர்க் குன்றில் எழுவர் வாக்குறுதி எடுத்தனர். எருசலேம் செல்வது, ஓராண்டில் இயலாவிடில் போப்பாண்டவரிடம் தம்மை ஒப்படைப்பது. தோழர்கள் 1536 நவம்பரில் பாரிசிலிருந்து புறப்பட்டு, போர் நடந்த நாடுகளின் ஊடே, பனியில் 54 நாள் நடந்து வெனிஸ் சேர்ந்தனர். துருக்கியருடன் போர் மூண்டதால் கப்பல் இல்லை. எருசலேம் மீண்டும் கைகூடவில்லை. ரோம் சென்றனர். 1540-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சபை ஏற்பிசைவு பெற்றது. பயிற்சி நூலுக்கு ஏற்பு 1548-இல்.

அந்நூலை வாசிக்க எடுப்பவர் ஏமாறுவார். அழகிய நடை இல்லை; அது படிக்கும் நூலன்று, செய்யும் நூல். ஏறத்தாழ முப்பது நாள், நான்கு பகுதிகள். தன் குறைகளைக் காண்பது, கிறிஸ்துவின் வாழ்வு, பாடுகள், உயிர்ப்பு என்று அவை செல்லும். ஞான ஒடுக்கம் செய்பவர் வீட்டையும் நண்பரையும் விட்டுத் தனித்திருப்பார். வழிகாட்டுபவர் சுருக்கமாய்ச் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று தள்ளக் கூடாது. வேலையுள்ளோர் வீட்டிலிருந்தே நாளுக்கு ஒன்றரை மணி ஒதுக்கிச் செய்யலாம் என்ற சலுகையும் உண்டு. ஒரு குறையைத் திருத்த விரும்புவோர்க்குக் கோடிட்ட கட்டமொன்றும் வரைந்துள்ளார். நாளுக்கு இரண்டு கோடு. தவறுந்தோறும் ஒரு புள்ளி. பகலையும் மாலையையும், நேற்றையும் இன்றையும், வாரத்தையும் வாரத்தையும் ஒப்பிட வேண்டும். கோடுகள் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போகின்றன. நான்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அப்பக்கத்தை ஆய்வுக் குறிப்பேட்டில் ஒட்டினால் யாரும் வேறுபாடு காணார்.

சபையில் சேர வருவோர்க்கு அவர் விதித்த சோதனைகளுள் மூன்றைக் குறிக்கலாம். ஒரு திங்கள் பயிற்சி. ஒரு திங்கள் மருத்துவ விடுதியில் பணி. ஒரு திங்கள் கையில் காசின்றிப் பிச்சையெடுத்து நடைப்பயணம். அறைக்குள் அடைந்து பெற்ற அமைதி தெருவில் நிற்குமா என்று பார்ப்பது அவர் நோக்கம் போலும்.

விந்தை என்னவெனில், நடப்பதையே வாழ்வாகக் கொண்டவர் கடைசி ஆண்டுகளில் ரோமில் சில சிறிய அறைகளைவிட்டு அதிகம் நகரவில்லை. ஏறத்தாழ ஏழாயிரம் கடிதங்கள் அங்கிருந்து சென்றன. அவர் அருகிருந்தோர்க்கு வாழ்வு எளிதாயில்லை. கீழ்ப்படிதலைக் கடுமையாக வலியுறுத்தினார். அன்பு மிக்க லாயினெஸ் போன்றோரையே அதிகம் கடிந்துகொண்டார். இந்தக் கடுமையை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் அதே மனிதர் இரவில் மாடத்தில் நின்று விண்மீன்களை நோக்கிக் கண்ணீர் வடித்தாரென்றும், அழுது அழுது கண்பார்வை கெடும் என மருத்துவர் எச்சரித்தாரென்றும் அறிகிறோம்.

நடந்தவர்கள் பிறர். இந்தியாவுக்குச் செல்ல இருந்தவர் நோயுற்றதால், 1540 மார்ச்சில் ஒரே நாள் முன்னறிவிப்பில் சவேரியார் புறப்பட்டார். 1542 அக்டோபரில் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். பரதவர் ஊர்தோறும் மணலில் நடந்தார். தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்தம் கையெழுத்துகளை வெட்டி எடுத்துத் தம்முடன் அணிந்து திரிந்தார். அவருக்குப் பின் அக்கரையில் உழைத்த என்ரிக்கே என்ரிக்கஸ் 1548-இல் வேம்பாற்றிலிருந்து இஞ்ஞாசியாருக்கே கடிதம் எழுதினார். தமிழ் இலக்கணம் கற்று எழுதும் முயற்சி அவருடையது. 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவர் தந்ததே. ரோம் நகரத்துச் சிற்றறை ஒன்றுக்கு நம் வேம்பாறு தெரிந்திருந்தது என்று எண்ணும்போது, ஊரைவிட்டு வந்து இங்கே இருக்கும் நமக்கு ஏதோ நெஞ்சில் தட்டுகிறது.

1553 ஜூனில் இஞ்ஞாசியார் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி எழுதினார். சவேரியார் முந்திய டிசம்பர் 3-ஆம் நாளே சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்திருந்தார். அச்செய்தி அப்போது ரோமை எட்டியிருக்கவில்லை. பிரிந்தபின் இருவரும் ஒரு முறையும் சந்திக்கவில்லை.

1556 ஜூலை 30-ஆம் நாள் மாலை, தாம் சாகும் நிலையில் இருப்பதாகவும், போப்பாண்டவரின் ஆசியைப் பெற்று வரும்படியும் செயலர் பொலான்கோவிடம் கேட்டார். ஸ்பெயினுக்குச் செல்லும் அஞ்சலை முடிக்க வேண்டியிருந்தது, மருத்துவர்களும் அஞ்சவில்லை, மறுநாள் போகலாமா என்று பொலான்கோ கேட்டார். இஞ்ஞாசியார் வற்புறுத்தவில்லை. விடியலில் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தவர் புகழ்பெற்ற உடற்கூற்று அறிஞர் ரியால்டோ கொலம்போ. சிறுநீரகத்திலும் ஈரலிலும் பெருநாளத்திலும் கற்கள் இருந்ததைக் கண்டு 1559-இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். வயிற்று வலி என்று முப்பதாண்டாகப் பொறுத்துக் கொண்டது இதைத்தான்.

அவர் இறந்தபோது சபையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர். 1622-இல் அவரும் சவேரியாரும் ஒரே நாளில் புனிதராக உயர்த்தப் பெற்றனர். 1922-இல் பதினொன்றாம் பத்திநாதர், ஞான ஒடுக்கங்களுக்கு எல்லாம் பாதுகாவலர் என்று அவரை அறிவித்தார். அறைத் தோழர் ஃபாவருக்கு அச்சிறப்பு 2013-இல்தான் வந்தது.

பாம்ப்லோனாக் குண்டின் ஐந்நூறாம் ஆண்டை 2021 மே முதல் 2022 ஜூலை வரை அவர் சபையார் கொண்டாடினர். லயோலா முதல் மன்ரேசா வரை ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீளும் பாதையில் இப்போது பல நாட்டவர் பைகளைச் சுமந்து செல்கின்றனர். முடிவில் மன்ரேசாக் குகையை ஒட்டிய இல்லத்தில் தங்கிப் பயிற்சி செய்வாரும் உண்டு. அவர்கள் முழுத் தொலைவும் நடந்தே போகிறார்கள். இஞ்ஞாசியார் அவ்வழியில் மொன்செராத் வரை கழுதைமேல் சென்றவர்.